இரண்டாவது கிண்ணம் டாவெட்

குழந்தைகளைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று சர்வோனோவுக்கு ஒரு நினைப்பு உண்டு. வாரத்தில் ஆறு நாள் பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஊரார் பிள்ளைகளின் வாந்தி, அழுகை, காணாமல் போன ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் சமாளித்தவன். ஆனால் அந்தப் பிள்ளைகள் எல்லாம் கொஞ்ச நேரத்தில் வேனை விட்டு இறங்கிப் போய்விடும். சொந்தப் பிள்ளை இறங்கிப் போகாது என்பதை ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவனுக்குக் கற்றுக்கொடுத்தன.

ஞாயிறு அன்று அவன் மனைவி வுலானுக்கு, ஜாவாத் தீவின் சோலோ நகர ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் வேலை. அன்றைக்கேதான் அவர்கள் பேட்டையின் கமலான் குழுவும் கூடும். வெண்கலப் பட்டைகளும் கும்பாக்களும் மேளமும் பிடிலுமாகத் தரையில் சம்மணமிட்டு வாசிக்கிற கூட்டம் அது. அதில் பெரிய கோங்கை அடிக்கிற வேலை சர்வோனோவுடையது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நாலு வயது லிந்தாங்கும் வாராவாரம் அப்பாவோடு வந்துவிடுவாள்.

கோங் என்பது சேகண்டிக்குப் பெரியப்பா. லாரிச் சக்கரம் அளவுக்கு மரச்சட்டத்தில் தொங்கும். பாட்டு முழுக்கச் சுற்றி வந்து ஒரு இடத்தில் முடிகிறபோது, துணி சுற்றிய தடியால் அதை ஒரே ஒரு அடி. அவ்வளவுதான். பிறகு அடுத்த சுற்று முடியும்வரை சும்மா இருக்கலாம். பெரிய பாட்டுகளில் ஒரு கோங்குக்கும் அடுத்த கோங்குக்கும் நடுவில் ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்துவிடலாம். தூங்கிக்கொண்டே பார்க்கிற உத்தியோகம் என்று குழுவில் அவனைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் அந்த ஒரு அடி தப்பினால் இருபது பேர் வாசித்தது முழுக்க அந்தரத்தில் நிற்கும். அவனுக்கு முன்னால் அங்கே உட்கார்ந்திருந்த பாக் குன்தூர் ஒருநாள் நிஜமாகவே தூங்கிப்போய், திடுக்கிட்டு விழித்து, பாட்டின் நடுவிலேயே கோங்கை அடித்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குப் பக்கத்தில் இருக்கிற கும்பா வாத்தியம்தான். அதை அடிக்கடி அடிக்கவேண்டும், தூங்க முடியாது.

அந்த ஊரில் கோங்கை யாரும் 'அது' என்று சொல்வதில்லை. 'பெரியவர்' என்பார்கள். வியாழக்கிழமை மாலை அவருக்குப் பூ வைப்பார்கள். லிந்தாங் அதைச் சுருக்கித் 'தாத்தா' ஆக்கிக்கொண்டாள். சட்டத்துக்குப் பக்கத்தில் பாயில் மல்லாந்து படுத்து, கோங் விழுகிறபோது இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொள்வாள். தாத்தா வயிற்றுக்குள் வந்து பேசுகிறார் என்பது அவள் கட்சி.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் அவள் தண்ணீர்ப் புட்டியைத் தேடிக்கொண்டு, தாழ்வாக இருந்த வெண்கலப் பட்டை வாத்தியம் ஒன்றின் மேல் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டிவிட்டாள். வாசிப்பு அப்படியே நின்றது. வாத்தியத்தைத் தாண்டுவது அங்கே சின்னக் குற்றமில்லை. பெரியவர்களின் தலையைத் தாண்டிய மாதிரி. குழுவை நடத்துகிறவரும் மேளம் வாசிக்கிறவருமான இபு பார்தினி மேளத்தைக் கீழே வைத்தார். சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அம்மாள். அவர் விலை சொன்னால் பேரம் பேச யாருக்கும் வாய் வராது. பூ வாங்கி வரச் சொல்லி, வாத்தியத்தின் முன்னால் வைத்து, குழந்தையை மன்னிப்புக் கேட்க வைத்தார். லிந்தாங் அழுதாள். சர்வோனோ அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அதோடு விஷயம் முடியவில்லை. உட்காரக் கற்றுக்கொள்ளும்வரை குழந்தை வரவேண்டாம் என்று இபு பார்தினி சொல்லிவிட்டார். குழந்தை வராவிட்டால் தானும் வர முடியாதே என்று சர்வோனோ கெஞ்சினான். கோங் இல்லாத ஞாயிறை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாரம் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடக்கிறவனுக்கு அந்த ஒரு சத்தம்தான் ஆறுதல். அதைவிட, அவன் அடிக்கிற அடிக்கு மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது அவனுக்கு வேண்டியிருந்தது. கடைசியில் இபு பார்தினி இறங்கி வந்தார்.

"கலை விழாவுக்கு மாளிகையில வாசிக்கிறோம்ல, அன்னிக்கு ஒரு தடவை கூட்டிட்டு வா, பார்ப்போம். ஒரு கோங் தப்பிச்சுன்னாலும் அப்பனும் மகளும் வீட்டுலயே இருந்துக்கங்க. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கலை விழா ஞாயிறு வந்தது. வுலான் விடியற்காலையிலேயே மகளுக்குப் பட்டுச் சட்டை போட்டு, இடுப்பில் பாத்திக் துணியைச் சுற்றி, அது அவிழாதபடி நீளமான துணிப்பட்டையால் வரிந்து வரிந்து கட்டிவிட்டாள். சர்வோனோவுக்கும் அதே மாதிரி கணுக்கால்வரை இறுக்கிச் சுற்றிய பாத்திக், தலைப்பாகை, இடுப்பின் பின்னால் குறுவாள். வேலைக்குக் கிளம்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"இங்க பாருங்க, வாசிப்பு முடியிற வரைக்கும் இவளுக்குக் குடிக்க எதுவும் வாங்கிக் குடுக்காதீங்க. இந்தக் கட்டை அவிழ்க்க எனக்கே நேரமாகும்."

எனக்குத் தெரியாதா என்றான் சர்வோனோ.

வாசிப்பு மதியத்துக்குமேல்தான். அதுவரை மகளுக்கு விழாவைக் காட்டலாம் என்று பெரிய வீதிக்கு அழைத்துப் போனான். அன்றைக்கு அங்கே வண்டிகள் கிடையாது, வீதி முழுக்க ஜனம். முகமூடி செதுக்குகிறவர் கடையில் லிந்தாங் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பல் வெளியே நீண்ட சிவப்பு அரக்கனிடம் மட்டும் நின்றாள். இவர் பல் தேய்ப்பாரா என்று கேட்டாள். செதுக்குகிறவர் உளியை நிறுத்திவிட்டு, தேய்க்காததால்தான் இப்படி ஆனது என்று அவளுக்கு விளக்கினார். அவள் நாக்கால் தன் பற்களை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

நிழற்பொம்மைக் கூத்து நடந்த இடத்தில் திரைக்கு முன்னால் அவளை உட்காரவைக்க முடியவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால், வியர்க்க வியர்க்க ஒரே ஆள் அத்தனை பொம்மைக்கும் குரல் கொடுத்துக்கொண்டு, கால் விரலால் தகடு தட்டிக்கொண்டு இருந்தார். "அப்பா, எல்லாச் சண்டையும் இவரே போட்டுக்கறாரு," என்றாள் லிந்தாங். அவளுக்குச் சண்டை பிடிக்கவில்லை, ஆனால் தொப்பை தள்ளிய கோமாளிப் பொம்மை வந்ததும் கையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் பொம்மையை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சர்வோனோவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரே ஒரு சங்கடம். அன்று அழுத நாளிலிருந்து லிந்தாங் எதையும் தாண்டுவதில்லை. தானும் தாண்ட மாட்டாள், அப்பாவையும் விட மாட்டாள். வீட்டில் தூங்கும் பூனையைத் தாண்டக்கூடாது, நீட்டிய காலைத் தாண்டக்கூடாது, விழுந்து கிடக்கும் துடைப்பத்தைத் தாண்டக்கூடாது. வீதியில் யாரோ சுண்ணாம்புக் கட்டியால் நீளமாக ஒரு நாகத்தை வரைந்திருந்தார்கள். வால் எங்கே முடிகிறதோ அதுவரை நடந்து, சுற்றி, மறுபக்கம் வந்தார்கள். அடுத்து ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயர். அது எங்கேயோ ஒரு கடைக்குள் போய் முடிந்தது. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்ச் சுற்றி வந்தார்கள்.

இந்தச் சுற்றலில் வெயில் ஏறிவிட்டது. மாளிகை வாசலுக்கு வந்தபோது லிந்தாங்கின் முகம் வாடியிருந்தது, கீழுதடு துருத்திக்கொண்டிருந்தது. அந்த உதட்டை அவனுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அழுகை. வாசிப்பில் போய் அழுதாளானால் தொலைந்தது. வாசலிலேயே டாவெட் விற்கிற அம்மாள் பானையோடு உட்கார்ந்திருந்தாள். தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, பச்சைப் பச்சையாக மாவு மணிகள், மேலே ஐஸ். ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தான். உதடு உள்ளே போனது. கண் மட்டும் பானை மேலேயே இருந்தது. சமாதானத்துக்கு இன்னொரு கிண்ணமும் வாங்கிக் கொடுத்தான்.

மாளிகை மண்டபம் நாலு பக்கமும் திறந்தது. ஆனால் அன்றைக்கு வாத்தியங்களை உள்பக்கமாக நெருக்கி வைத்திருந்தார்கள். கோங்குக்குப் பின்னால் இருந்தது மாளிகையின் உள்வாசல். அது வீட்டுக்காரர்கள் மட்டும் புழங்குகிற கதவு, மற்றவர்கள் அதில் கை வைக்கக்கூட மாட்டார்கள். ஆகவே சர்வோனோ வெளியே போகவேண்டுமென்றால் வாத்திய வரிசைகளுக்கு ஊடாக வளைந்து, தரையில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளைக் கடந்து, முன்படிக்குப் போகவேண்டும். பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நிமிர்ந்து நடக்கவும் முடியாது. இடுப்பை மடக்கி, வலது கையைத் தாழ நீட்டி, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டே ஊர்ந்து போகவேண்டும்.

வாசிப்பு தொடங்கியது. இபு பார்தினி மேளத்தில் விரலை வைத்தபோதே கோங் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். லிந்தாங் சம்மணமிட்டு, கைகளை மடியில் வைத்து, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். முதல் கோங் விழுந்தது. இரண்டாவதும் சரியான இடத்தில் விழுந்தது. விருந்தாளிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். பாட்டு பெரியது, நிதானமானது. சர்வோனோவுக்கு மனசு லேசானது. பிழைத்தோம் என்று நினைத்தான்.

மூன்றாவது கோங் அடித்துத் தடியைக் கீழே வைத்தபோது லிந்தாங் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, டாவெட் வெளிய வரணுங்குது."

கொஞ்சம் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று காதில் கேட்டான். அவள் யோசித்துவிட்டு முடியாது என்று தலையாட்டினாள். முட்டிகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. பெரியவர் தொங்குகிற இடத்தில் குழந்தை நனைத்துவிட்டால் அதற்கு எத்தனை கூடை பூ வைக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் கும்பா அடித்துக்கொண்டிருந்த பாக் குன்தூரிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னான்.

"போ போ, ஒரு சிகரெட் நேரம் இருக்கு," என்றார் அவர் உதட்டை அசைக்காமல். "ஆனா என்னை நம்பிப் போகாத. நீ அடிக்கிற அதே நேரத்துல நான் இங்க அடிக்கணும், அங்க கை எட்டாது. எட்டினாலும் பார்தினி என்னை அந்தப் பக்கம் விடுவாளா?"

சர்வோனோ மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினான். மன்னிக்கணும், மன்னிக்கணும். குனிந்த முதுகு, நீட்டிய கை, காலை அரை அடிக்குமேல் எட்டிவைக்க விடாத பாத்திக். படியிறங்கித் தோட்டத்துக்கு வந்ததும் ஓடப் பார்த்தான், குறுவாள் முதுகில் குத்தியது. கழிப்பறை சமையற்கட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கே போனபிறகுதான் வுலான் கட்டிய துணிப்பட்டையின் பெருமை புரிந்தது. அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. லிந்தாங்கைச் சுற்றவைத்து, தான் ஒரு முனையைப் பிடித்து இழுத்து, ஒருவழியாக அவிழ்த்தான். நல்லவேளை, தப்பித்தார்கள்.

திரும்பக் கட்டுவதற்கு நேரமில்லை. பாத்திக்கை ஏதோ மூட்டை கட்டுகிற மாதிரி அவள் இடுப்பில் சுருட்டிச் செருகி, துணிப்பட்டையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு அவளைத் தூக்கினான். மண்டபத்திலிருந்து பாட்டு கேட்டது. சுற்று பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. பாடகி மேலே ஏறிப் பாடுகிற இடம் அது. அவள் இறங்கினால் கோங்.

படியேறி, விருந்தாளிகளைக் கடந்து, வரிசைக்குள் நுழைந்தபோது பாடகி இறங்கத் தொடங்கிவிட்டாள். கோங் எதிரே தொங்கியது. நடுவில் ஒரே ஒரு வாத்தியம்தான். அதே தாழ்வான பட்டை வாத்தியம். அதைச் சுற்றிப் போகவேண்டுமென்றால் வரிசை முழுக்க வளையவேண்டும். ஒரு எட்டு வைத்தால் கோங்குக்குப் பக்கத்தில் நிற்கலாம். இபு பார்தினி சொன்னது காதில் கேட்டது: ஒரு கோங் தப்பிச்சுன்னாலும். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் போய்விடும். சர்வோனோ ஒரு கையால் பாத்திக்கை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்தான். காலைத் தூக்கினான்.

"தாண்டக்கூடாதுப்பா," என்றாள் லிந்தாங்.

அவள் கத்தவில்லை. வீட்டில் பூனைக்கு முன்னால் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். ஆனால் வாத்தியங்கள் எல்லாம் தணிந்து வாசிக்கிற இடம் அது. வரிசை முழுவதுக்கும் கேட்டது. பட்டை வாத்தியக்காரர் நிமிர்ந்து, தன் தலைக்கு மேல் நிற்கிற காலைப் பார்த்தார். இபு பார்தினியும் பார்த்தார்.

சர்வோனோ காலைக் கீழே வைத்தான். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. இனி எது போனாலும் போகட்டும் என்று இடுப்பை மடக்கி, கையை நீட்டி, மன்னிக்கணும் மன்னிக்கணும் என்று சுற்றி ஊர ஆரம்பித்தான். இடுப்பில் இருந்த லிந்தாங்கும் தன் சின்னக் கையை நீட்டி, கடக்கிற ஒவ்வொருவரிடமும் மன்னிக்கணும் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அப்போதுதான் அவன் கவனித்தான். மேளத்தின் வேகம் தளர்ந்துகொண்டிருந்தது. சுற்று முடிகிற இடத்தில் மேளம் கொஞ்சம் தளர்வது வழக்கம்தான், ஆனால் இது அதற்கும் மேலே. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் அவன் ஒரு ஆளைக் கடந்தான். அப்புறம் இரண்டு ஆளைக் கடந்தான். குழுவில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் இபு பார்தினியின் கையில் இருந்தது. அவர் கொடுத்தால்தான் அடுத்த தட்டு. பாடகி கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். பிடில்காரர் வில்லை நகர்த்துகிறாரா இல்லையா என்றே தெரியாத மாதிரி நகர்த்தினார். பாக் குன்தூர் கும்பாவுக்கு மேலே தடியைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

சர்வோனோ மண்டியிட்டான். மகளை இறக்கிவிடக்கூட நேரமில்லை. இடது கை அவளைப் பிடித்திருக்க, வலது கையால் தடியை எடுத்தான். பாக் குன்தூரின் தட்டு விழுந்தது. அதற்குப் பின்னால், அரை மூச்சு தள்ளி, கோங் விழுந்தது.

லிந்தாங் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்துக்கொண்டாள். சத்தம் மண்டபத்தின் தூண்களுக்கு இடையில் ரொம்ப நேரம் நின்றது. விருந்தாளிகளிடமிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. மேளம் மறுபடியும் நடக்கத் தொடங்கியது.

வாசிப்பு முடிந்து தேநீர் கொடுத்தார்கள். மாளிகையைச் சேர்ந்த ஒரு முதியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு குழுவிடம் வந்தார். கோங் கொஞ்சம் பிந்தி விழுவதுதான் அழகு, ஆனால் அந்த நாலாவது கோங்கை அப்படிப் பொறுத்துப் பொறுத்து அடித்தாரே, அந்த மாதிரி கேட்டு எவ்வளவோ காலமாகிறது, யார் அந்தக் கலைஞர் என்று விசாரித்தார். சர்வோனோ தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க ஆளுதாங்க," என்றார் பாக் குன்தூர். "சுற்றி வளைச்சு யோசிச்சுத்தான் அடிப்பாரு."

முதியவர் போனதும் சர்வோனோ மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இபு பார்தினியிடம் போனான். டாவெட் வாங்கிக் கொடுத்தது தன் தப்பு என்றான். இரண்டு கிண்ணம் என்பதையும் சேர்த்தே சொன்னான். இபு பார்தினி மேளத்துக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தார். அவனை விட்டுவிட்டு, இடுப்பில் பாத்திக் மூட்டையோடு நிற்கிற லிந்தாங்கைப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்து, மடிப்பு எடுத்து, சர்வோனோவின் கழுத்திலிருந்து துணிப்பட்டையை உருவி, நாலே சுற்றில் கட்டிவிட்டார்.

"கோங் தப்பல," என்றார் எழுந்துகொண்டே. "ஆனா நீ காலைத் தூக்கினதைப் பார்த்தேன் தம்பி."

சர்வோனோ தலையைக் குனிந்துகொண்டான்.

"அடுத்த ஞாயிறு இவ வரணும். இவ வரலேன்னா எனக்குப் பிடிக்காது." மேளத்தைத் தூக்கிக்கொண்டார். "நீயும் வரலாம். இவ கூட்டிட்டு வந்தா."

லிந்தாங் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள். விஷயம் லேசானதில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"சொன்ன பேச்சு கேட்டா கூட்டிட்டு வர்றேன்," என்றாள்.

இபு பார்தினி சிரித்ததை அந்தக் குழுவில் அன்றைக்குத்தான் பலபேர் முதன்முறையாகப் பார்த்தார்கள். சர்வோனோவுக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, அதைத் தலைப்பாகை நுனியால் துடைத்துக்கொண்டான். வாசலில் தோட்டக்காரர் செடிகளுக்கு விட்ட தண்ணீர்க் குழாய் வழிக்குக் குறுக்கே கிடந்தது. அது கிணற்றடிவரை போயிருந்தது. மகள் வாயைத் திறப்பதற்கு முன்பே சர்வோனோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் திரும்பி நடந்தான்.